சர்க்கரைப் பாட்டிலும் மாவண்ணனும்

என் வீட்டுக்காரரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பேசாமல் இருந்துவிடுவார். எல்லாருக்கும் அவர் மாவண்ணன்தான். கேட்பதற்கு ஏதோ பழங்கால ராஜா மாதிரி இருக்கும். அரண்மனையும் கிடையாது, குதிரையும் கிடையாது. ரொட்டி பேக்கரியில் மாவு பிசைகிறவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். அவரை முதன்முதலாக பேக்கரியின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. இந்த வயதிலும் பாவம் இப்படி உழைக்கிறாரே பெரியவர் என்று இரக்கப்பட்டேன். அந்த இரக்கம்தான் கல்யாணத்தில் கொண்டுபோய் விட்டது.

பேக்கரியில் இரண்டு விதமாக மாவு பிசைவார்கள். பெரிய ரொட்டிக்குப் பிசைவது பொறுமையான மாவு. குளிர்ந்த தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட், மூடி வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். பன்னுக்குப் பிசைவது அவசர மாவு. வெதுவெதுப்பான தண்ணீர், தாராளமாகச் சர்க்கரை, கை நிறைய ஈஸ்ட், அடுப்புப் பக்கத்திலேயே வைத்துத் துணியைப் போர்த்திவிட்டால் கண்ணெதிரே பொங்கி எழும்பும். என் வீட்டுக்காரர் அவசர மாவில் கெட்டிக்காரர். முன்பக்கக் கடையில் பன் தீர்ந்துபோய், வரிசையில் நிற்கிற ஆட்கள் முகத்தைச் சுளிக்கிற நேரத்தில், "மாவண்ணே!" என்று ஒரு குரல் வந்தால் போதும். மனிதர் கொம்பு முளைத்தவர் மாதிரி நிமிர்வார்.

அந்த மாவுதான் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. இருமல் வந்தது, இழுப்பு வந்தது, படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. "மாவுத் தூசி உங்களுக்கு ஆகல. வேலையா, மூச்சா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். அவர் எங்கே முடிவு செய்தார், நான்தான் செய்தேன். அதற்குப் பிறகு ஜன்னல் ஓரத்து நாற்காலியே கதி என்று உட்கார்ந்துவிட்டார். டி.வி. அது பாட்டுக்கு ஓடும், அவர் பாட்டுக்கு அதற்கு மேலே இருக்கிற சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். சவரம் செய்வது கிடையாது. சண்டைக்கு இழுத்தாலும் வருவது கிடையாது. இருமலைவிட அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. சண்டை போடாத புருஷனை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்வாள்?

அப்போதுதான் மேல்வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். போகிற அவசரத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டியைப் படிக்கட்டுத் திருப்பத்தில் விட்டுவிட்டார்கள். நான் வேலைக்குப் போயிருந்த நேரம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிக்கு வில்லை பொருத்துவது என் வேலை. திரும்பி வந்தால், செருப்பு அலமாரிக்காக நான் கண் வைத்திருந்த மூலையில் தொட்டி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

"இதை யாரு தூக்கச் சொன்னது? இருக்குற மூச்சையும் படிக்கட்டுல விட்டுட்டு வரவா?"

"சும்மாதானே கிடந்துச்சு."

"தெருவுல நிறைய சும்மா கிடக்குது. எல்லாத்தையும் தூக்கிட்டு வந்துடுங்களேன்!"

பதிலுக்கு அவர் முறைத்தார். வெகு நாளைக்குப் பிறகு வந்த முறைப்பு. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். தொட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்சம் மண், கொஞ்சம் செடி, விரல்நுனி அளவில் செவ்வால் மீன்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் செடி மஞ்சளாகி, ஓட்டை விழுந்து, கூழாகிக் கரைய ஆரம்பித்தது. வாடின இலையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இவர் வண்ணமீன் கடைக்குப் போனார். அந்தக் கடையை நடத்துகிற அம்மாள் கறாரானவர். முகத்துக்கு நேரே பேசுகிறவர்.

"வெளிச்சம் மட்டும் இருந்தா போதாதுண்ணே. செடிக்கு கார்பன் டை ஆக்சைடு வேணும். சிலிண்டர் வச்சிருக்கேன், விலையைக் கேட்டா நீங்களும் ஓடிடுவீங்க. சில பேரு சர்க்கரைத் தண்ணியில ஈஸ்ட் போட்டு வீட்டுலயே செய்வாங்க. ஒரு வாரம் வரும், அப்புறம் நாத்தம் தாங்காம தூக்கிப் போட்டுடுவாங்க."

அன்றைக்கு அவர் மாடிப்படி ஏறி வந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். வழக்கமாக நடுவில் இரண்டு இடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர், ஒரே மூச்சில் ஏறி வந்து, வாசலிலேயே கத்தினார்.

"ஏய்! அது நம்ம காத்துடி!"

"எந்தக் காத்து?"

"பன்னுக்குள்ள இருக்குமே, அந்தக் காத்து! ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுட்டு விடுற மூச்சு. அதைத்தான் செடி கேக்குது! இத்தனை வருஷமா அதைச் செஞ்சு செஞ்சு அடுப்புல வச்சு விரட்டிவிட்டிருக்கேன். ஒரு நாள்கூடக் கண்ணால பாத்ததில்லை!"

வரும் வழியிலேயே அவர் வாங்கி வந்திருந்த ஈஸ்ட் பொட்டலத்தை நான் பறித்து வைத்துக்கொண்டேன். மாவுதானே ஆகாது, ஈஸ்ட் ஆகுமா என்று டாக்டரிடம் போனில் கேட்டு, மாவு இல்லாதவரைக்கும் பரவாயில்லை என்று அவர் சிரித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தபோது இவர் முகம் மாறியதே, அதை என்னால் எழுத முடியாது. வெளியூரில் இருக்கிற எங்கள் மகள் வீட்டுக்கு வரும்போது மாறுகிற முகம், அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

பழரசம் வந்த பெரிய பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று. ஆணியை அடுப்பில் காய்ச்சி மூடியில் ஓட்டை போட்டார். மெல்லிய ரப்பர் குழாயைச் சாய்வாக வெட்டி, ஓட்டைக்குள் நுழைத்துக் குறடால் இழுத்தார். இடுக்கு வழியாகக் காற்று கசிந்தது. அங்கேதான் பேக்கரிக்காரர் புத்தி வேலை செய்தது. "மைதாவைக் கெட்டியாப் பிசைஞ்சு அப்பிடு" என்றார். அவர் தொடக் கூடாது என்பதால் நான்தான் பிசைந்தேன். பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்து, மாவுக்கு வலிக்காது" என்று அதிகாரம் வேறு. பூசி முடித்த கொஞ்ச நேரத்தில், கையிலிருந்து அதிலும் கொஞ்சம் ஈஸ்ட் ஒட்டியிருந்திருக்கிறது போல, பூச்சு குண்டாக உப்பி மூடியை விட்டுக் கழன்று விழுந்தது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். அப்புறம் செருப்பு தைப்பவரிடம் ரப்பர் பசை வாங்கி வந்து ஒட்டினோம். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தோம், ஒரு கொப்புளம்கூட எழும்பவில்லை.

அந்தக் குழாயை நேராகத் தொட்டிக்குள் விடவில்லை. நடுவில் தண்ணீர் ஊற்றின ஒரு சின்ன பாட்டில். பெரிய பாட்டிலில் நுரை பொங்கி வந்தால் அது சின்ன பாட்டிலோடு நின்றுவிடும், சுத்தமான காற்று மட்டும் தொட்டிக்குப் போகும். குழாயின் முனையைத் தண்ணீர் வடிகட்டும் மோட்டாரின் வாய்க்குக் கீழே சொருகினார். உள்ளே சுற்றுகிற விசிறி குமிழியை நறுக்கிப் பொடிப்பொடியாக்கித் தூவும் என்றார். இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். செல்போனில் பார்த்தாராம். சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர் செல்போன் பார்க்கிற அளவுக்கு முன்னேறிவிட்டார்!

பெரிய பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஒரு சிட்டிகை ஈஸ்டும் கலந்து மூடினார். மாலைவரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் பாட்டிலைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். "வேலை செய்யுறானுங்க" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று ஒரு அலறல். கத்தியோடு ஓடினேன். சின்ன பாட்டிலில், குழாயின் நுனியில் ஒரு குமிழி. மெதுவாக உருண்டு திரண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, டுப் என்று மேலே வந்து உடைந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. அதற்கு அடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. மகளுக்கு வீடியோ போட்டார். "அப்பா, உங்க மூக்குதான் தெரியுது" என்று அவள் சொல்லச் சொல்ல, "பாத்தியா, பாத்தியா" என்று இவர் மூக்கையே காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குமிழிதான் பேச்சு. நான் வேலையிலிருந்து போன் செய்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் "எப்படி வருது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன். விளக்கை அணைத்தபின் செடிக்குக் காற்று வேண்டாம் என்பதால் குழாயை எடுத்து ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவார். "தெருவுக்கு இலவசம்" என்பார். பாட்டில் களைத்துப்போனால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பார். அந்த நாற்றத்துக்கு மட்டும் நான் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டுச் சத்தம் போடுவேன். சவரம் திரும்ப வந்தது. சண்டையும் திரும்ப வந்தது.

செடி மறுபடி தளிர்த்தது. புல் மாதிரி குட்டையாக ஒரு செடி, மண்ணில் ஊர்ந்து ஊர்ந்து பச்சைப் பாய் விரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளிச்சம் நன்றாக இருந்த நேரம், இலைகளின் மேல் முத்து முத்தாக ஏதோ மின்னியது. என் வேலை கண்ணாடியோடு என்பதால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது.

"ஏங்க, இலை மேல குமிழிங்க!"

அவர் தரையில் மண்டியிட்டு முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டினார். ஒரு முத்து இலையை விட்டுக் கழன்று மேலே போனது. பின்னாலேயே இன்னொன்று. "இது என் காத்து இல்லை. இது இலை விடுற மூச்சு. ஈஸ்ட் விட்டதை இலை இழுத்துக்கிச்சு. இலை விடுறதை மீன் இழுத்துக்கும்" என்றார். சொல்லும்போதே அவர் நெஞ்சுக்குள் அந்த விசில் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லவும் வழியில்லை, அன்றைக்கு வெங்காயம் நறுக்கவில்லை.

அதைச் செல்போனில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் கடைக்கார அம்மாளிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மாள் நம்பவில்லை. படத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்றாராம். ஆனாலும் ஒரு வார்த்தை சொன்னார்.

"கடையில செடி அறையைப் பாத்துக்கிட்டிருந்த ஆளு போயிட்டான். வாங்கிட்டுப் போறவங்க எல்லாம் அழுகிப்போச்சுன்னு சண்டைக்கு வர்றாங்க. சிலிண்டர் இல்லாம வீட்டுல வளக்கச் சொல்லிக் குடுக்க ஒருத்தர் வேணும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து உங்க தொட்டியைப் பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

வேலை! மாவு இல்லாத வேலை! அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். அந்த வாரம் முழுக்க நான் தொட்டிக் கண்ணாடியைக் கடையில் வில்லை துடைக்கிற துணியால் துடைத்தேன். அவர் ராத்திரி தூங்கினாரா என்று தெரியாது. பேக்கரியை விட்டதிலிருந்து யாரும் அவரைப் பார்த்து 'நீங்கள் வேண்டும்' என்று சொல்லியிருக்கவில்லை. அந்த அம்மாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மறுபடியும் அந்த நாற்காலி, அந்தச் சுவர். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. காலையில் கிளம்பும்போது, "குமிழி கொஞ்சம் மந்தமா இருக்கே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டும், கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மதியம் கதவைத் திறந்தால், தொட்டியைக் காணவில்லை. அதாவது தொட்டி இருந்த இடத்தில் ஒரு பெட்டி நிறைய மோர் மாதிரி வெள்ளையாக ஏதோ நின்றது. மேலே நுரை. நுரைக்குள் செவ்வால்கள் எல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்து, தலையில் கை வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். வருகிறவர் பார்க்கும்போது குமிழி கொட்டோ கொட்டென்று கொட்ட வேண்டும் என்று ஆசை. பன் தீர்ந்துவிட்டது, ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்கிற அதே வேகம் கைக்கு வந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீர், தாராளமாகச் சர்க்கரை, கை நிறைய ஈஸ்ட், கழுத்துவரைக்கும் நிரப்பி, வெயிலில் வைத்து, துண்டைப் போர்த்தியிருக்கிறார். சாட்சாத் அவசர மாவு! அது போதாதென்று, நடுவில் இருந்த சின்ன பாட்டில் காற்றைத் தின்கிறது என்று நினைத்து அதையும் கழற்றிவிட்டாராம்.

"நடுவுல எதுக்குத் தரகன்னு நெனச்சேன்" என்றார். "பொங்கி அப்படியே உள்ள போயிடுச்சு. எல்லாம் போச்சு. அந்தம்மாவை வர வேணாம்னு சொல்லிடு."

"மீனு இன்னும் உயிரோட இருக்கு, எழுந்திரிங்க!"

"என்னால ஆகாதுடி."

"ஆகாதா? பன்னுக்கு நிக்கிறவங்களுக்கு ஆகும், இதுங்களுக்கு ஆகாதா? எழுந்திரிங்கன்னா!"

எழுந்தார். முதலில் ரப்பர் குழாயைப் பிடுங்கினார். குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், நேராக ஊற்றினால் மீன் செத்துவிடும் என்று முந்தின நாளே பிடித்து ஆறவிட்டிருந்த தண்ணீர் இரண்டு வாளி இருந்தது. குண்டான், குக்கர், பால் பாத்திரம், கேக் செய்கிற தட்டு என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் ஊற்றினோம். அவர் வலையால் மீனைப் பிடித்துப் பிடித்துப் போட்டார். நான் இரண்டு குவளையை வைத்துக்கொண்டு டீ ஆற்றுவது போல அந்தத் தண்ணீரை உயரத் தூக்கி ஆற்றினேன். காற்று கலக்கட்டும் என்றுதான். கை கடுத்துப்போனது, நிறுத்தவில்லை. குக்கரில் இருந்த ஒரு மீன் சாய்ந்து மிதந்தது. "போயிடாதே, போயிடாதே" என்று அதன் தலைமேலேயே ஆற்றினேன். அது வாலை அசைத்தது. நிமிர்ந்தது. ஓடியது! நான் போட்ட கூச்சலில் அவர் வலையை நழுவவிட்டார்.

தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்து முடித்து, இரண்டு பேரும் நனைந்த கோழியாக நிற்கும்போது அழைப்புமணி அடித்தது.

"தொட்டியைக் கழுவுறோம்னு சொல்லிடலாங்க" என்று காதில் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

கடைக்கார அம்மாள் உள்ளே வந்தார். தரையெல்லாம் தண்ணீர். அடுப்பு மேல் குக்கரில் மீன் நீந்துகிறது. கலங்கின தொட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்னண்ணே இது?"

"என் தப்பும்மா. நீங்க வர்றீங்கன்னு பன்னுக்கு மாவு போடுற மாதிரி அவசரப்பட்டுட்டேன். நுரை உள்ள போயிடுச்சு."

"எத்தனை மீன் போச்சு?"

"ஒண்ணும் போகல" என்று நான் முந்திக்கொண்டேன்.

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, முழங்கைவரைக்கும் கையைத் தொட்டிக்குள் விட்டார். அடியில் தடவி, பச்சைப் பாயை ஒரு பக்கம் பிடித்து இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. பாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். அப்படியும் வரவில்லை, மண்ணும் சேர்ந்துதான் அசைந்தது.

"நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். "குமிழியைக் காட்டணும்னா ஒரு நாள்ல காட்டிடலாம். இப்படி வேர் பிடிக்க விட்டு வளத்தவங்க என் கடைக்கு வர்றவங்கள்ல யாருமில்லை. திரும்ப எப்படிக் கலப்பீங்க, சொல்லுங்க?"

"குளிர்ந்த தண்ணி, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பாட்டில் முழுக்க ஊத்தக் கூடாது, மேல இடம் விடணும். நடுவுல சின்ன பாட்டில் இருந்தே ஆகணும். அப்புறம் கை வைக்கக் கூடாதும்மா, அதான் முக்கியம்."

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நேரம் ஓடியாடியதில் இவருக்கு மூச்சு இரைத்தது. அது நன்றாகக் கேட்டது.

"நெஞ்சு சரியில்லையா? நாளெல்லாம் நிக்கிற வேலைண்ணே. செடி அறை முழுக்கத் தண்ணி, ஒரே ஈரம். தாங்குமா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தொட்டியைப் பார்த்தபடியே நின்றார்.

"தண்ணியில தூசி பறக்காதும்மா" என்றார்.

அந்த அம்மாள் இடுப்பில் சொருகியிருந்த தலைப்பை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப திங்கட்கிழமை வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, குக்கரை ஒருமுறை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

கதவைச் சாத்தினேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏய், திங்கட்கிழமை நான் எந்தச் சட்டை போட்டுக்கிட்டுப் போறது?"

நான் அலமாரியைத் திறந்து, மாவு ஒட்டாத சட்டை ஒன்றைத் தேட ஆரம்பித்தேன்.